வார்னிஷ் அடிக்காத மேசை

கிட்ட வா, கண்ணு. விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடு. இன்றைக்கு உனக்கு ஒரு மேசையின் கதை சொல்கிறேன். மேசைக்கு என்ன பெரிய கதை என்று உதட்டைப் பிதுக்காதே. கேட்டு முடித்ததும் உன் வீட்டு மேசையை ஒரு தடவையாவது தடவிப் பார்ப்பாய், அதற்கு நான் பொறுப்பு.

ஒரு வீட்டில் ஒரு மெருகுக்காரர் இருந்தார். கல் தரை, மொசைக் தரை எல்லாவற்றையும் மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் தொழில். வேலை முடிந்ததும் ஜன்னலுக்கு எதிராகத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, வெளிச்சம் தரையின் மேல் சறுக்கி வருவதைப் பார்ப்பார். நின்று பார்த்தால் தெரியாத மேடும் பள்ளமும் அப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் தடவை பார்க்கும் வீட்டுக்காரர்கள், ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று சொம்பும் தண்ணீருமாக ஓடி வருவார்கள். உள்ளங்கையில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய தங்கை அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வழவழ அண்ணன்'.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் பின்னறைதான் அவளுக்குக் கடை. எட்டடிக்கு நாலடி முழு பிளைவுட் பலகையை அப்படியே இரும்புச் சட்டத்தின் மேல் திருகி, அதை வெட்டுமேசையாக வைத்திருந்தாள். மற்ற தையல்காரர்கள் காகிதத்தில் அளவு வரைந்து, சுருட்டி, ஆணியில் மாட்டி வைப்பார்கள். இவளுக்குக் காகிதம் ஒத்துவராது. துணியை மேசையில் விரித்து, முள் வைத்த சின்னச் சக்கரம் ஒன்றைக் கைப்பிடியால் அழுத்தி உருட்டுவாள். துணியில் புள்ளிக்கோடு விழும். துணியைத் தாண்டி மரத்திலும் விழும். மறுபடி அதே ஆள் வந்தால் மேசையில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். பல வருஷக் கோடுகள் அந்தப் பலகை முழுக்கப் பதிந்து கிடந்தன. பார்க்கிறவர்களுக்குக் கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். அவளுக்கு அது ஊரின் முகவரிப் புத்தகம்.

அந்தக் கோடுகளில் ஒரே ஒரு கோட்டுக்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டிருந்தாள். அது அவளுடைய நாத்தனாரின் முதுகு.

மெருகுக்காரரின் அந்தத் தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதிலேயே அவள் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. இடது தோள் மேலே ஏறியும், வலது பக்கம் பின்னால் புடைத்தும் இருக்கும். அவள் அதைச் சொல்லி அழுகிற ரகமில்லை. "ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடுதான் குறுக்கு வழி. என் முதுகுக்கு அவசரமே இல்ல, சுத்திக்கிட்டு வருது," என்பாள். ஆனால் கடையில் வாங்குகிற எந்தச் சட்டையும் அவள் முதுகில் நிற்காது. ஒரு பக்கம் இழுக்கும், மறு பக்கம் பை மாதிரி தொங்கும்.

அண்ணிக்காரி நாலு வருஷம் முயன்றாள். எட்டுத் தடவை தைத்து எட்டுத் தடவை பிரித்தாள். ஒன்பதாவது தடவை தைத்த மேல்சட்டை, ஊற்றி வார்த்ததுபோல உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினால், பின்னாலிருக்கும் பிள்ளைகள் கணக்கைத்தான் பார்ப்பார்கள். வேறெதற்கும் அவர்கள் கண் போகாது. அந்தச் சட்டையைப் போட்டுத் துவைத்துப் போட்டு, கடைசியில் அது நூல் நூலாகிவிட்டது. கோடுதான் மேசையில் இருக்கிறதே என்று தையல்காரி அதைத் துண்டு துண்டாக வெட்டித் துடைக்கிற துணியாக்கி வைத்தாள்.

இங்கேதான் மெருகுக்காரர் ஒரு காரியம் செய்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. தையல்காரி நாலு நாள் தன் சிநேகிதிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருந்தது. வீட்டில் தனியாக இருந்த மனுஷனுக்கு அந்த மேசை கண்ணை உறுத்தியது. பாவம், இத்தனை வருஷம் இப்படிக் குத்துப்பட்ட பலகையிலா வேலை செய்கிறாள் என்று மனசு இளகிப் போனார். ஓரம் தேய்க்கிற சின்ன மெஷினை எடுத்துவந்து, மேசையின் மேல்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். மெஷினுக்குப் பிறகு உப்புத்தாள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் ஒரு கோடுகூடத் தட்டுப்படவில்லை. தூளைத் துடைக்க அலமாரியிலிருந்து ஒரு பழந்துணி எடுத்தார். அது எந்தச் சட்டையின் துணி என்று அப்போது அவருக்குத் தெரியாது. அவள் வந்து பார்த்த பிறகு வார்னிஷ் அடிக்கலாம் என்று ஒரு டப்பாவும் வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

அவள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து மேசைமேல் கையை வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்க," என்றாள்.

அவ்வளவுதான், கண்ணு. திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் பச்சை ரெக்சின் வாங்கி வந்து மேசைமேல் விரித்து, சுற்றிலும் ஆணி அடித்துவிட்டாள். வார்னிஷ் டப்பாவை அவர் திறக்கவே இல்லை. அலமாரி மேல்தட்டில் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள், சண்டையும் போட்டார்கள். மேசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

தங்கைக்குப் புதுச் சட்டை தைக்க அண்ணிக்காரி ஞாபகத்திலிருந்து மூன்று தடவை முயன்றாள். மூன்றும் இழுத்தன. "போதும் அண்ணி. உங்களுக்குக் கை வலிக்குது, எனக்கு முதுகு வலிக்குது," என்று டீச்சர் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி, அவள் தோளில் ஒரு பெரிய சால்வை ஏறிக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளைத் தலைமை ஆசிரியையாக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் முற்றம் வட்டமானது. காலையில் பிள்ளைகள் நாலு புறமும் நிற்பார்கள், தலைமை ஆசிரியை நடுவில் மேடையில் நிற்பார். டீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டாள். கோப்பு பார்க்கிற வேலை பிடிக்காது என்று காரணம் சொன்னாள். அண்ணனிடம் மட்டும் ஒருநாள், "முன்னால நிக்கிறவங்களுக்கு முகத்தக் காட்டிடுவேன். பின்னால நிக்கிறவங்க சால்வையத்தானே பாப்பாங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தான் தேய்த்தது பலகையை மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாக உறைத்தது.

இப்போது மறுபடியும் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது தடவை யாரும் கேட்கப்போவதில்லை. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். கதவைத் திறந்ததும் சலசலவென்று சத்தம். பின்னறைக் கூரைக்குள் ஓடுகிற குழாய் இணைப்பு விட்டுப் போய், தண்ணீர் நேராக மேசைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். நூல்கண்டுகள் மிதந்தன. மரத்தூளை அழுத்திச் செய்த அலமாரி அடிப்பாகம் ஊறி, பால் குடித்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் கையோடு வந்தது.

மெருகுக்காரர் முதலில் தண்ணீரை அடைத்தார். பிறகு மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு மச்சானுக்கு ஆள் அனுப்பினார். மச்சான் என்றால் தையல்காரியின் அண்ணன். அலமாரி, கட்டில் செய்கிற தச்சர். வாய் கொஞ்சம் நீளம். வந்ததும் வராததுமாகத் தரையைப் பார்த்து, "என்ன மாப்ளே, தரைக்கு மெருகு போதலன்னு குளமே வெட்டிட்டியா?" என்று ஆரம்பித்தார்.

ஆனால் வேலை என்று வந்தால் ஆள் வேறு. அலமாரியின் அடியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து உருட்டிக் காட்டினார். இது தூளும் பசையும்தான், தண்ணீர் குடித்தால் உப்பும், உப்பினது திரும்பாது, தூக்கி வெளியே போடு என்றார். தூள் பலகை எல்லாம் முற்றத்துக்குப் போயிற்று. பிறகு மேசைப் பக்கம் வந்தார். ரெக்சினில் கத்தரி நுனி பட்ட ஓட்டைகள் நிறைய. தண்ணீர் அதன் வழியே உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் இரண்டு நாள் தங்கியிருந்தது. ரெக்சினை உரித்தார்கள். அதன் அடிப்பஞ்சு சாம்பல் கூழாக மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, விளக்கும் இல்லை. அந்த இருட்டில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

ஒரு மூலையில் ஏடுகள் பிரிந்து வாய் பிளந்திருந்தன. தச்சர் அங்கே விரலை வைத்து எண்ணினார், ஏழு ஏடு. மெருகுக்காரர் இத்தனை வருஷம் அதை ஒரே மரத்துண்டு என்றுதான் நினைத்திருந்தார். மச்சான் அப்போதுதான் விவரம் சொன்னார். மரத்தைச் சுழலவிட்டுக் கத்தியை வைத்தால், பென்சில் சீவுகிற மாதிரி மரம் ஏடாக உரிந்து வரும். ஒரு பெரிய மரம் அப்படியே பாய் மாதிரி விரிந்துவிடும். அந்தப் பாயை வெட்டி, ஒரு ஏட்டின் நார் நெடுக்கே, அடுத்ததன் நார் குறுக்கே என்று மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். ஒன்று வளையப் பார்த்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு வெச்சுக்கயேன்," என்றார் தச்சர்.

தையல்காரி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, "நடுவுல பசை இருக்கணும்," என்றாள். மெருகுக்காரர் தரையைப் பார்த்தார்.

பலகையைச் சட்டத்திலிருந்து கழற்றினார்கள். தரையில் ரீப்பர் கட்டைகளைச் சம இடைவெளியில் போட்டு, மேல்பக்கம் கீழே வரும்படி கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். அதற்கு மேல் மறுபடி கட்டைகள், கட்டைகள்மேல் கருங்கல். தச்சர் ஒவ்வொரு விஷயமாகச் சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் வைக்காதே, முறுக்கிக்கொள்ளும். சூடு காட்டாதே. மின்சாரம் வந்ததும் விசிறியைப் பலகையின்மேல் திருப்பாமல் பக்கவாட்டில் வை. காலையும் மாலையும் திருப்பிப் போடு. பிரிந்த மூலைக்குப் பசை வைப்பதெல்லாம் காய்ந்த பிறகு. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"காயுற வரைக்கும் உன் மெஷின அது பக்கத்துல கொண்டு போகாத மாப்ளே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

மெருகுக்காரர் சொன்னபடி செய்தார். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் காலையும் மாலையும் பலகையைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் மேல்பக்கம் அவர் கையில் சொரசொரவென்று பட்டது. ஒட்டியிருந்த பஞ்சு காய்ந்து பொடியாகி உதிர்ந்தது. சொரசொரப்பு மட்டும் போகவில்லை. தண்ணீர் பட்டால் மரம் நார் எழும்பும், அது அவருக்குத் தெரியும். ஆனாலும் கை அரித்தது. சாப்பிடும்போது அரித்தது, படுக்கும்போது அரித்தது. ஆறு வருஷத்துக்கு முன் செய்ததற்கு வேறெந்தப் பரிகாரமும் தெரியாத மனுஷன், இந்தப் பலகையையாவது பழையபடி அவளுக்கு வழவழவென்று கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். நினைப்பு நல்லதுதான். போன தடவையும் நினைப்பு நல்லதாகத்தானே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தையல்காரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கல்லையும் கட்டைகளையும் இறக்கி, பலகையின் மேல்பக்கத்தை மேலே திருப்பிவிட்டு, மெஷினை எடுத்துவந்து சுவரில் செருகினார். விரலை சுவிட்சில் வைத்தார். தொடங்குமுன் எப்போதும் செய்கிறபடி, எந்த இடம் அதிகம் மேடு என்று பார்க்கக் கண்ணை மூடி உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினார்.

கை நின்றது.

எழும்பிய நார் என்றால் பலகை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. இது ஒரு வழியாகப் போயிற்று. சின்னச் சின்னப் புள்ளிகளாக, எறும்பு வரிசை மாதிரி போயிற்று. விரலை அதன்மேல் வைத்தார். வரிசை கொஞ்ச தூரம் நேராக ஓடி, மெல்ல வளைந்து, திரும்பி வந்து, இன்னொரு வரிசையோடு சேர்ந்தது.

மெஷினைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஜன்னலை முழுக்கத் திறந்தார். காலை வெளிச்சம் சாய்வாக அறைக்குள் வந்தது. திரும்பி வந்து, தன் தொழில் பழக்கப்படி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையின் விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடினார்.

கண்ணு, அவர் என்ன பார்த்தார் என்று எப்படிச் சொல்வேன். பலகை முழுக்கக் கோடுகள் எழுந்து நின்றன. குழிந்திருந்தவை எல்லாம் மேடாக எழுந்திருந்தன. கழுத்து வளைவுகள், கைகள், காலர்கள், குழந்தைச் சட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி நிழல். உயரத்திலிருந்து ஒரு நகரத்தைப் பார்த்தால் தெருவெல்லாம் விளக்கு எரிவதுபோல, அந்த வெற்றுப் பலகை மின்னிக்கொண்டிருந்தது. அவர் தன் கையாலேயே மூன்று நாள் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிய பலகை அது. அவருக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. ஊதினால் போய்விடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? ஆறு வருஷமாக அந்த மேசையைப் பற்றிப் பேசாத வாய். கடைசியில் படுத்தபடியே சொன்னார்.

"இங்க கொஞ்சம் வாயேன். உன்னோடது எல்லாம் வந்திருக்கு."

அவள் சோப்புக் கையோடு வந்தாள். மெஷின் செருகியிருப்பதைத்தான் முதலில் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அவர் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்தார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக, அவளும் புருஷனைப் போலத் தரையில் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தாள்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டித் தொட்டாள். இது தபால்காரர் மகளின் கை என்றாள். இது மருந்துக்கடைக்காரரின் காலர், கழுத்தே இல்லாத மனுஷன் என்றாள். இது யாருடையது என்று தெரியவில்லை, இல்லை, தெரிகிறது, நம் பையனின் முதல் பள்ளிச் சட்டை. அந்தப் பையன் இப்போது தூரத்து ஊரில் வேலை பார்க்கிறான், ஆறடி உயரம். விரல் ஊர்ந்துகொண்டே பலகையின் நடுவுக்கு வந்தது.

நடுவில் ஒரு வளைவு மற்றவற்றைவிட உயரமாக நின்றது. ஒரு கோடு இல்லை அது. ஒன்றையொட்டி ஒன்றாக ஒன்பது கோடுகள், மரத்தை அறுத்தால் உள்ளே தெரிகிற வளையங்கள் மாதிரி நெருங்கி நெருங்கி ஓடின. நாலு வருஷம், ஒன்பது தடவை, மனசு வைத்து அழுத்தி அழுத்தி உருட்டியதனால் ஆழமாகப் பதிந்தவை. எது ஆழமாகப் பதிந்ததோ அதுதான் இப்போது எல்லாவற்றிலும் உயரமாக எழுந்திருந்தது.

அவள் விரல் கடைசிக் கோட்டைப் பிடித்து மேலே போயிற்று. கழுத்துக்கிட்டே வந்ததும் நின்றது.

"இங்கதான்," என்றாள். "நடுவுல இருந்து ஆரம்பிக்கல. இடப்பக்கம் ரெண்டு விரல் தள்ளி ஆரம்பிச்சிருக்கேன். இதத்தாங்க மறந்து போனேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி, மெஷினைச் செருகிவிட்டதாகவும், சுவிட்சில் விரலை வைத்துவிட்டதாகவும் சொன்னார். மறைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பாத்தேன்," என்றாள் அவள். மெஷின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு ஏன் வார்னிஷ் அடிக்கல?"

"உன் முகத்தப் பாத்தேன். டப்பாவத் திறக்கக் கை வரல."

செய்தி போய் தச்சர் அரை மணியில் வந்தார். வழக்கமாக வாசலிலேயே தொடங்குகிறவர், பலகைக்கு முன் குனிந்ததும் வாயடைத்துப் போனார். இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகுதான் காரணம் சொன்னார்.

"சக்கரம் அழுத்தின இடத்துல நார் நசுங்கி இருக்கும். நீ சுத்தி இருக்கறத எல்லாம் தேய்ச்சு அதோட மட்டத்துக்குக் கொண்டு வந்துட்ட. நசுங்கினது உள்ளேயே நசுங்கிப் படுத்திருந்துச்சு. தண்ணி போனதும் பழைய உயரத்துக்கு நிமிந்துடுச்சு. சுத்தி இருந்ததுதான் இப்ப இல்லையே, அதான் மேல நிக்குது." தாடையைத் தடவிக்கொண்டார். "நீ மட்டும் வார்னிஷ் அடிச்சிருந்தா தண்ணி மரத்துக்குள்ள போயே இருக்காது மாப்ளே."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் ஆறு வருஷம் ஏறி இறங்கியது.

காயக் காயக் கொஞ்சம் அமுங்கும், எவ்வளவு என்று சொல்ல முடியாது, எடுக்கிறதை இன்றைக்கே எடுத்துக்கொள் என்று தச்சர் எச்சரித்தார். காகிதம் வைத்தால் ஈரத்தில் கிழியும். தையல்காரி மெல்லிய மல் துணியை எடுத்து ஒன்பது கோடுகளின்மேல் விரித்தாள். ஓரங்களைப் புருஷனும் அண்ணனும் இழுத்துப் பிடித்தார்கள். நீலச் சாக்கட்டியைப் படுக்கைவாட்டில் வைத்து, அழுத்தாமல் தேய்த்தாள். வெள்ளைத் துணியில் அந்த முதுகு புள்ளி புள்ளியாக மேலேறி வந்தது. மெருகுக்காரர் துணி அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்தாள். அண்ணன் தரையைக் காட்டினார்.

"நானும் படுக்கணுமா? இந்த வீட்டுல எல்லாருக்கும் என்ன ஆச்சு?" என்று கேலி செய்துகொண்டே சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லப் படுத்தாள். அண்ணி கைவிளக்கை எடுத்துப் பலகையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, "இது நீ," என்றாள்.

கேலி நின்றுபோயிற்று. நம்முடைய முதுகை நம்மில் யார் பார்த்திருக்கிறோம், சொல்லு. கண்ணாடியில் திரும்பித் திரும்பி ஒரு துண்டு பார்த்திருப்போம். அவள் அதையும் பார்த்தவளில்லை. இப்போது மேலிருந்து கீழ்வரை முழுசாக அவள் எதிரே நின்றது, ஒருவர் நாலு வருஷம் கவனித்துக் கவனித்து வரைந்த கோடாக. ஆறு ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, எந்த இடத்திலும் உடையாமல் அது வளைந்து போயிற்று.

விரலை அதன்மேல் வைத்து, கீழே வரை ஓட்டினாள். "இது இவ்வளவு நல்ல வளைவா அண்ணி?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "பிள்ளைங்களுக்கு போர்டுல எவ்வளவோ வளைவு வரைஞ்சு காட்டியிருக்கேன். இத யாரும் எனக்குக் காட்டினதில்ல."

அண்ணன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் வாயைத் திறக்குமுன் அவளே, "நீங்க பேசாதீங்க வழவழ. அழுது பலகைய மறுபடி நனைச்சுடுவீங்க," என்றாள்.

ஆறு வருஷத்தில் உடம்பு மாறியிருந்தது. வலப்பக்கப் புடைப்பு ஒரு விரல் கூடியிருந்தது, இடுப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பழைய கோட்டை அப்படியே வெட்டினால் நிற்காது. ஆனால் எங்கே தொடங்க வேண்டும், எங்கே துணியை மடித்து மூன்று சின்னப் பிடிப்பு தைக்க வேண்டும் என்ற வழி கையில் இருந்தது. தையல்காரி அதே மல் துணியில் பத்தாவது கோட்டைப் போட்டாள். செவ்வாய் இரவு டீச்சர் அங்கேயே தங்கினாள், புதன் சாயங்காலம் சரிபார்க்க வந்தாள். இந்தத் தடவை முதுகு வலிக்கிறது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை பலகை முக்கால்வாசி காய்ந்திருந்தது. தச்சர் சொன்னபடி கோடுகள் கொஞ்சம் அமுங்கின. ஆனால் படுத்துவிடவில்லை. கையில் தட்டுப்படுகிற அளவு நின்றுகொண்டன. தச்சர் பிரிந்த மூலையில் பசை விட்டு இறுக்கிப் பிடித்துக் கட்டினார். தையல்காரி, முற்றத்துக்குப் போன அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்த அந்த வார்னிஷ் டப்பாவை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள். அவர் திருப்புளியால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே கல்லாக இறுகிப் போயிருந்தது. கவிழ்த்தார், அசையவில்லை. தட்டினார், மணி மாதிரி சத்தம் வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மேசையைப் பற்றி அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. புதுசு வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இன்னும் எவ்வளவோ கோடு போட வேண்டியிருக்கிறது என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வந்தாள். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலுக்கு எதிரே நின்றாள். சாம்பல் நிறச் சட்டை. மெருகுக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிச் சுருக்கம் தேடினார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. துணி அவள் முதுகோடு போய், அவள் முதுகோடு வந்தது.

"என்ன அண்ணா, படுத்துப் பாக்கலையா?" என்றாள் திரும்பாமலே.

பிறகு பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்தாள். சட்டத்தில் மறுபடி ஏறியிருந்த அந்த மேசையில், சரியாக நடுவில் வைத்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்துக்கு அடியில் அவளுடைய கோடுகள் நின்றன. பேனா அவற்றின்மேல் ஏறி இறங்கி, கையெழுத்து நெளிந்துபோயிற்று.

"வளைஞ்சிடுச்சே," என்றார் அண்ணன். வேறு காகிதம் எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்," என்றாள் அவள். மடித்துப் பையில் வைத்தாள். சால்வையை நாற்காலி முதுகிலேயே விட்டுவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள். அவர்கள் இருவரும் வாசலில் நின்று, முனை திரும்பும் வரை அவளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான் கண்ணு, கதை முடிந்தது. எழுந்து போவதற்கு முன் இதையும் வாங்கிக்கொண்டு போ. உன் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். ஒழுகினாலும், அது உன் வீட்டில் நல்லதையே எழுப்பட்டும். உன் வீட்டில் தெரியாமல் செய்தவர்களுக்கும், பொறுத்துக்கொண்டு இருந்தவர்களுக்கும் நடுவில் பசை விட்டுப்போகாமல் இருக்கட்டும். உன்னை யாரோ மனசு வைத்து அழுத்தி வரைந்திருக்கிறார்களே, அந்தக் கோடு ஒருநாள் உன் கண்ணுக்கும் படட்டும். நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருங்கள்.